கைராசி மெம்பரின் காய்ச்சல்

கதிரவேல் மெம்பர் தன் ஊர்ச்சபைக் காலத்தில் ஒரு ரோட்டைப் போட்டதில்லை. ஒரு மதகைக் கட்டியதில்லை. ஆனால் திருமலைக் கரையோரத்தில் அவர் கை படாத குத்துவிளக்கு இல்லை. பாலர் பாடசாலை விளையாட்டு விழா, ஐஸ் ஆலை, சலூன், சலூன்காரரின் மகள் தொடங்கிய தையல் வகுப்பு, எல்லாவற்றுக்கும் பிரதம அதிதி அவர்தான். அவர் எந்தச் சபை, எந்தக் கட்சி என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தச் சபைக்காரர் கோபிப்பார்கள். சொல்லாவிட்டால் எல்லாச் சபைக்காரரும் தங்களைத்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். பின்னது பரவாயில்லை.

விளக்கேற்றுவதும் ஒரு வேலைதான். சல்லிக் கிராமத்துப் பக்கம் கடற்காற்றில் மற்ற அதிதிகள் ஒரு நெருப்புப்பெட்டியைக் காலி செய்வார்கள். கதிரவேல் அப்படியில்லை. கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, இடக்கையைச் சிரட்டைபோல் குவித்து, மெழுகுதிரியைத் தாழ்த்திப் பிடித்தாரென்றால் முதல் திரி உடனே பற்றும். பார்த்த சனம், மெம்பருக்குக் கைராசி என்று சொல்லத் தொடங்கியது. ஐஸ் ஆலை நன்றாக ஓடியதும் அது நிரூபணமாயிற்று. அதே கையால் ஏற்றி, பிறகு இழுத்து மூடிய பேக்கரியும் கோழிப்பண்ணையும் போன் கடையும் ஒருவருக்கும் நினைவில் இல்லை. அவருக்கு மட்டும் நினைவிருந்தது. அந்தப் பக்கம் போகும்போது ஸ்கூட்டரை ஓட்டியபடியே மறுபக்கம் ஏதோ முக்கியமான காட்சி இருப்பதுபோல் பார்த்துக்கொண்டு போவார்.

இத்தனை விளக்குக்கும் காரணம் பக்தியுமில்லை, பதவி ஆசையுமில்லை. ‘மாட்டேன்’ என்ற சொல் அவர் வாய்க்குள் முளைக்கவேயில்லை. கேட்டவர் முகம் வாடினால் அன்றிரவு அவருக்குச் சோறு இறங்காது. இப்படிப்பட்ட ஆளை அரசியலுக்கு விட்டது யார் பிழை என்று அவரே சில நேரம் யோசிப்பதுண்டு.

போன வருடம் அவருடைய அக்கா கோணேஸ்வரியின் மகன் ரிஷிகேசன் கட்டாரிலிருந்து திரும்பி வந்தான். வந்தவன் கடையும் போடவில்லை, மீன்பிடி போட்டும் வாங்கவில்லை. ‘திமிங்கிலக் காசு’ என்றான். கையில் பிடிக்க முடியாத காசு, போனுக்குள் இருக்கும், தானாக வளரும். திருமலைக் கடலில் திமிங்கிலம் ஓடுவதால் அந்தப் பெயராம். உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் அறிமுகக் கூட்டம் வைத்தான். கதிரவேல் விளக்கேற்றினார், பொன்னாடை வாங்கினார். பிறகு மருமகன் அவருடைய போனை வாங்கி எதையோ அழுத்தி, அதிதிகளுக்கான அன்பளிப்பு என்று கொஞ்சம் திமிங்கிலக் காசை உள்ளே போட்டுக் கொடுத்தான். வந்திருந்த மற்ற மெம்பர்மாருக்கும் போட்டான். மறுநாள், குவிந்த கையும் சுடருமாகக் கதிரவேலின் படம் முகநூலில் ஓடியது. ‘எங்கள் மெம்பரும் எங்களோடு’ என்று கீழே எழுதியிருந்தது. மத்திய வங்கி இப்படியான காசுகளைப் பற்றி எச்சரித்துக்கொண்டிருப்பதாகப் பேப்பரில் வந்ததுதான். பேப்பரில் வருவதையெல்லாம் படித்தால் ஆர் மெம்பராக இருப்பது?

கொஞ்சக் காலம் சுகமாகத்தான் இருந்தது. போனைத் திறந்தால் பச்சை எழுத்தில் இலக்கம் கூடிக்கொண்டு போகும். தேத்தண்ணிக் கடையில் அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தொடங்கினார்.

ஸ்கூட்டர் பழுதானபோதுதான் அந்தக் காசை எடுத்துப் பார்க்கலாம் என்று எண்ணினார். எடுக்கப் போனால், முதலில் புது ஆட்களைச் சேர்க்கச் சொன்னது போன். மருமகனிடம் கேட்டார். அவன் ஒரு தாளில் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் வட்டம் போட்டு விளக்கினான். சபையில் வரவுசெலவுத் திட்டத்துக்குத் தலையாட்டுவதுபோல் தலையாட்டிவிட்டு வந்தார். ஆனாலும் அவர் கரையோரத்தில் பிறந்தவர். மீனுக்கு வைக்கும் கூட்டின் வாசல் எப்படி இருக்கும் என்று தெரியும். உள்ளே போக விரியும். வெளியே வர விரியாது. அன்றிலிருந்து அந்தப் பச்சையைப் பார்க்கப் பயந்து, போனைக் கவிழ்த்து வைக்கத் தொடங்கினார்.

இப்போது ரிஷிகேசன் சல்லியிலேயே ஒரு அலுவலகம் திறக்கிறான், வெள்ளிக்கிழமை. அழைப்பிதழ் அடித்தாயிற்று. பிரதம அதிதி யாரென்று கேட்கவே வேண்டாம். அவரிடமும் ஒருவரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் மீன் வாடிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் இராசமலர் அவரை மறித்தாள். அவளுடைய புருஷனின் போட் எஞ்சின் உடைந்து, அவன் வேறு ஆட்களின் போட்டில் கூலிக்குப் போய்வந்துகொண்டிருந்தான். மீன் விற்றும் நகையை விற்றும் புது எஞ்சினுக்கு அவள் காசு சேர்த்து வைத்திருந்தது ஊருக்கே தெரியும். எஞ்சின் இப்போது வேண்டாம், அந்தப் பணத்தைத் திமிங்கிலக் காசில் போட்டு வைத்தால் வருடப்பிறப்புக்குள் இரண்டு எஞ்சின் வாங்கலாம் என்று ரிஷி தம்பி சொன்னதாகச் சொன்னாள்.

“வெள்ளிக்கிழமை நீங்கள்தானே ஏத்திறியள், மெம்பர் அண்ணன்?”

“அப்பிடித்தான் அடிச்சிருக்கினம்.”

“அப்ப எஞ்சின் காசை அண்டைக்கே கொண்டுவாறன். உங்கட கை ஏத்தினாப் பிறகு போட்டாத்தான் ராசி. அதுக்குத்தான் இவ்வளவு நாளும் போடாம வைச்சிருக்கிறன்.”

கதிரவேல், பார்ப்பம் என்றார். அந்தச் சொல்லை வைத்துத்தான் அவர் மூன்று தேர்தலை ஓட்டியிருக்கிறார். ஸ்கூட்டரில் ஏறியவருக்கு ஹாண்டிலைப் பிடித்திருந்த தன் இடக்கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு அதிசயம் நடந்தது. எதிர்க்கட்சி மெம்பர் யசோதரா ஒரு தீர்மானம் கொண்டுவருவதாகச் சபைக்கு அறிவித்திருந்தாள். சபையின் உறுப்பினரோ உத்தியோகத்தரோ இந்த மாதிரி டிஜிட்டல் காசுகளுக்கு விளம்பரம் செய்யக்கூடாது, அதால் இலாபம் பெறக்கூடாது, பெற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். எதிர்க்கட்சி மீது கதிரவேலுக்குப் பாசம் வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வியாழன் கூட்டம், வெள்ளி திறப்பு விழா. வியாழக்கிழமை தீர்மானம் நிறைவேறினால், நேரே அக்கா வீட்டுக்குப் போய், “என்ன செய்ய அக்கா, சபை விடுதில்லை” என்று கையை விரித்துவிடலாம். அக்கா சபையைத் திட்டுவாள். சபை நெடுகவும் ஏச்சு வாங்குவதுதானே. இராசமலரும் எஞ்சினை வாங்கிவிடுவாள். ஒருவர் முகமும் வாடாமல், தான் ஒரு சொல்லும் சொல்லாமல், எல்லாம் முடிந்துவிடும். இரண்டு நாள் அவர் நிம்மதியாகச் சோறு தின்றார்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் யசோதரா நன்றாகவே பேசினாள். சனம் காசை நம்பிப் போடவில்லை, படத்திலுள்ள எங்கட முகத்தை நம்பித்தான் போடுது என்று அவள் சொன்னபோது பல முகங்கள் மேசையைப் பார்த்தன. தவிசாளர் சிவகுருநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வழிமொழிய ஆர் இருக்கினம் என்று கேட்டார். அவளுடைய கட்சிக்காரரே மூக்கைச் சொறிந்தார்கள். வழிமொழிய ஒரு ஆள் இல்லாவிட்டால் தீர்மானம் அந்த இடத்திலேயே செத்துவிடும். கதிரவேல் சுற்றிப் பார்த்தார். பிறகு, அடுத்தவன் கையைத் தூக்குவதுபோல் தன் கையைத் தூக்கினார்.

சபை திரும்பிப் பார்த்தது. யசோதராவும் பார்த்தாள், நன்றியோடல்ல. பழைய நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் செயலாளர் சோபனா ஒழுங்கு தெரிந்த பெண். அதுதான் அந்தச் சபையில் அவளுக்கிருந்த ஒரே குறை. அவள் எழுந்து, ஒரு விஷயத்தில் சொந்த நலன் உள்ளவர்கள் அதைப் பற்றிய விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் இருக்கக்கூடாது என்று நினைவூட்டினாள். தவிசாளர் அதற்கென்ன என்று, “அப்ப அந்தத் திமிங்கிலக் காசு வைச்சிருக்கிற ஆக்கள் கொஞ்சம் வெளிய இருங்கோ” என்றார்.

முதலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு பின்வரிசையில் ஒரு கதிரை இழுபட்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, கட்சி மாறிய கட்சி என்று ஒவ்வொருவராகத் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே நடந்தார்கள். கதிரவேலும் எழுந்தார். வாசலைத் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால், தவிசாளரே வந்துகொண்டிருந்தார். அவருக்கும் மருமகன் போனை வாங்கி அழுத்திக் கொடுத்திருந்தான்.

உள்ளே யசோதராவும், பொத்தான் போன் வைத்திருக்கும் பாக்கியரத்தினமும் மட்டும் மிஞ்சினார்கள். பாக்கியரத்தினம் நித்திரை. கூட்டம் நடத்தப் போதிய ஆளில்லை. கோரம் இல்லையென்று, விஷயம் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதை அறிவிக்க வேண்டிய தவிசாளர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றதால், சோபனா வாசலில் வந்து நின்று மரத்தைப் பார்த்து அறிவித்தாள்.

மரத்தடியில் தேத்தண்ணி வந்தது. கோட்டையில் ஆட்களுக்குப் பழகிய மான்களில் ஒன்று வந்து, மெம்பர்மார் எறிந்த கடதாசிக் கோப்பைகளை முகர்ந்துகொண்டு திரிந்தது. சபை இவ்வளவு ஒற்றுமையாக நின்றதைக் கதிரவேல் முன்பு பார்த்ததில்லை. ஒருவர், திமிங்கிலக் காசின் விலை இன்னும் ஏறும் என்றார். இன்னொருவர், தனக்கு எடுக்க வரவில்லை, உங்களுக்கு வருதோ என்று மெல்லக் கேட்டார். எல்லோரும் தேத்தண்ணியை ஊதினார்கள்.

யசோதரா பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கதிரவேலுக்கு முன்னால் நின்றாள். “ஏன் கை தூக்கினீங்கள் எண்டு எனக்கு விளங்கேல்லை. எண்டாலும் அடுத்த மாசமும் தூக்குங்கோ.”

“அடுத்த மாசம் தூக்கி என்ன, தங்கச்சி? திறப்பு விழா நாளைக்கெல்லோ.”

“ஒரு விளக்கை ஏத்தாம விடுறதுக்கு உங்களுக்குத் தீர்மானம் வேணுமோ?” என்றாள். குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டதுபோல் இருந்தது. அதுதான் சுட்டது.

பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போனார். முற்றத்தில் ரிஷிகேசன் கதிரைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். புதுப் பொன்னாடை கூடத்து மேசையில் கடதாசி பிரிக்காமல் இருந்தது. கோணேஸ்வரி குசினிக்குள் பயத்தம் பணியாரத்துக்கு மா வறுத்துக்கொண்டிருந்தாள். மாமா வந்திட்டார் என்று மருமகன் ஓடிவந்து கையைப் பிடித்தான். பிடித்தவனிடம் எப்படிச் சொல்வது?

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய்களை எடுத்தார். நாளைக்குக் கொழும்புக்குப் போகச் சொல்லிக் கட்சியில் கூப்பிடுகிறார்கள் என்றார். அக்கா, அப்ப சனிக்கிழமை வைப்பம் என்றாள். முழங்கால் பிடித்திருக்கிறது, நிற்க ஏலாது என்றார். மருமகன், கதிரையில் இருத்தி விளக்கைத் தாழ்வாக வைக்கலாம் என்றான். நாள் சரியில்லையாம் என்றார். பஞ்சாங்கம் வந்தது, நாள் அருமையான நாள். அன்புள்ளவர்களிடம் பொய் சொல்வதைப்போல் கஷ்டம் வேறில்லை. எந்தப் பொய்யைக் கொண்டுபோனாலும் அதற்கு ஒரு தலையணை வைத்துத் தருகிறார்கள்.

கடைசியில் பொய் தீர்ந்துபோயிற்று. மிஞ்சியது ஒன்றுதான்.

“எனக்கு விருப்பமில்லை, அக்கா.”

குசினியில் அகப்பைச் சத்தம் நின்றது. ரிஷிகேசன் பிடித்த கையை விடவில்லை. பிடி மட்டும் தளர்ந்தது. “மாமா, நீங்களே நம்பேல்லையோ?”

“நான் எடுக்கப் பாத்தனான், மருமகன். வரேல்லை.”

அவன் கோபிப்பான் என்று அவர் நினைத்திருந்தார். அவன் கழுவிய ஈரக் கதிரையில் அப்படியே உட்கார்ந்தான். வாசலைப் பார்த்துக்கொண்டு, அம்மாவுக்குக் கேட்காத குரலில், “எனக்கும் வரேல்லை மாமா” என்றான். “கட்டார்க் காசு முழுக்க அதுக்குள்ளதான் கிடக்கு. இந்த ஒஃபிஸில கொஞ்சப் பேர் சேர்ந்தா எடுத்திடலாம் எண்டு...”

கதிரவேலுக்கு இவ்வளவு நாளும் மருமகனை ஏமாற்றுக்காரன் என்று நினைக்கவும் மனம் வரவில்லை, இல்லையென்று நினைக்கவும் தெரியவில்லை. இப்போது பார்த்தால் பொடியனும் அதே கூட்டுக்குள் கிடக்கிறான்; வாசலுக்கு இன்னும் கொஞ்சம் உள்ளே. அவன் தோளில் கையை வைத்தார். எந்தக் கை என்று கவனித்து வலக்கையை வைத்தார்.

கோணேஸ்வரி வந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. பொன்னாடையை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். “அழைப்பிதழில பேர் போட்டாச்சு. நாளைக்கு உனக்குக் காய்ச்சல் எண்டு மைக்கில சொல்லச் சொல்லுறன்” என்றாள். அவ்வளவுதான். தேத்தண்ணி குடிக்கிறியோ என்று கேட்கவில்லை. தம்பி வந்து தேத்தண்ணி குடிக்காமல் அந்தப் படியிறங்கியது அன்றுதான். எங்கள் ஊரில் மாட்டேன் என்பதற்குக் காய்ச்சல் என்று பெயர். கேட்டவருக்கும் மானம் போகாது, சொன்னவருக்கும் போகாது. அக்கா அவரைக் காப்பாற்றித்தான் அனுப்பினாள். அதை நினைக்க அவருக்கு இன்னும் களைப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை இடுப்பில் கட்டிய சாரத்தோடு வீட்டிலேயே கிடந்தார். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். சல்லிப் பக்கமிருந்து ஒலிபெருக்கி காற்றில் வந்து வந்து போனது. தவிர்க்க முடியாத சுகவீனம் என்று தன் பெயரை யாரோ சொல்வது கேட்டது. தலையைத் தொட்டுப் பார்த்தார்; சுடவில்லை. பிறகு தவிசாளர் சிவகுருநாதன் அவர்கள் மங்கல விளக்கேற்றுவார் என்றார்கள். அதற்குப் பிறகு நெடுநேரம் நாதஸ்வரப் பாட்டு மட்டும் ஓடியது. திரி பற்றவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, தன்னையறியாமல் சிரித்தார். சிரித்ததற்குத் தன்னைத் தானே ஏசினார்.

மத்தியானத்துக்கு முன் படலை திறந்தது. இராசமலர். கூறைச்சேலை மாதிரிப் பளபளக்கும் நல்ல சேலை, தலையில் பூ, கையில் பெரிய கைப்பை. மறுகையில் ஒரு பிஸ்கட் பெட்டியும் சோடாப் போத்தலும். காய்ச்சல்காரரைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாது என்று கடையில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். போத்தலை அவளே திறந்து நீட்டினாள். மறுக்கத் தெரியாமல் அவர் வாங்கி இரண்டு மிடறு குடித்தார்.

விழாக் கதையைச் சொன்னாள். தவிசாளர் ஐயா ஏற்ற ஏற்ற நூந்து நூந்து போனதாம். கடைசியில் அலுவலகத்துக்குள் தூக்கிக்கொண்டுபோய் ஏற்றினார்களாம். கொஞ்சப் பேர் காசு போட்டார்களாம், பலர் போடவில்லையாம்.

“நான் போடேல்லை, அண்ணன். நீங்கள் சுகமாகி வந்து ஒருக்காத் திரியைத் தொட்டு விடுங்கோ. அப்ப போடுறன். ரிஷி தம்பியும் அவசரமில்லை எண்டவர்.” கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். காசு அதற்குள்தான் இருந்தது.

கதிரவேல் போத்தலைக் கீழே வைத்தார். அக்கா கட்டிக் கொடுத்த காய்ச்சல் வசதியான காய்ச்சல்தான். இன்னும் ஒரு கிழமைக்குத் தாங்கும். ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் இருமினால் போதும். ஆனால் காய்ச்சல் என்றால் ஒருநாள் சுகம் வரவேண்டும். சுகம் வந்தால் இவள் இதே பையோடு வருவாள்.

“எனக்குக் காய்ச்சல் இல்லை, மலர்.”

அவளுக்கு விளங்கவில்லை. நல்லது, இறங்கிவிட்டதோ என்று கேட்டாள்.

“வரவேயில்லை. விளக்கேத்த மாட்டன் எண்டு நேற்றே அக்காவிட்டச் சொல்லிப்போட்டன். அந்தக் காசு உள்ளுக்குப் போனா வெளியால வராது. என்ர வரேல்லை. ஒருத்தரின்ர காசும் வரேல்லை. நீங்கள் எஞ்சினை வாங்குங்கோ.”

சொல்லி முடித்ததும் அவளுடைய முகத்தைப் பார்த்தார். வாடும் என்று பயந்திருந்தார். வாடவில்லை, சிவந்தது.

“திங்கக்கிழமை வாடியடியில வைச்சுக் கேட்டனானே. அப்பவும் இது தெரியுமோ?”

“தெரியும்.”

“எஞ்சின்காரன் புதன்கிழமை வந்து நிண்டவன். வேண்டாம் எண்டு திருப்பி அனுப்பினனான். என்ர மனிசன் இண்டைக்கும் வேற ஆக்களின்ர போட்டில கூலிக்குப் போயிருக்கிறார். அண்டைக்கே வாயைத் திறந்திருக்கலாமே, அண்ணன்?”

“திறந்திருக்கலாம்.”

அவள் எழுந்து சேலையைச் சரிசெய்தாள். எஞ்சின்காரன் இன்னும் குச்சவெளியில்தான் நிற்பான், பின்னேர பஸ்ஸைப் பிடித்தால் ஆளைப் பிடிக்கலாம் என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள். கைப்பையைத் தோளில் மாட்டி, வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். படி இறங்கியவள் திரும்பி வந்து பிஸ்கட் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

“காய்ச்சல்காரனுக்கு வாங்கினது. பிள்ளையள் தின்னட்டும்.”

சோடாவை மட்டும் விட்டுவிட்டுப் போனாள். அது அவர் வாய் வைத்தது. கதிரவேல் அதை எடுத்து, வாயு போன பிறகும் சோடாவாகவே நினைத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் குடித்து முடித்தார்.